3 கிலோமீட்டர் டவர் எடுக்கல, கொடைக்கானல் எப்படி எடுக்குது?

கேள்வி: ஐயா, எங்க தோட்டம் உசிலம்பட்டிக்கு வெளிய இருக்கு. பம்புசெட்டுல கெடக்குற பழைய ரேடியோல கொடைக்கானல் எஃப்எம் 100.5 கணீர்னு கேக்குது. ஆனா கரட்டுக்கு அந்தப் பக்கம் 3 கிலோமீட்டர்ல இருக்குற செல் டவர் ஒரு புள்ளிக்கு மேல ஏற மாட்டேங்குது, பேசுனா கட்டாகுது. ஏன்?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: அண்ணே, மொதல் காரணம் அந்தக் கரடுதான். எஃப்எம் அலையும் சரி செல் அலையும் சரி, வெளிச்சம் மாதிரி கிட்டத்தட்ட நேராத்தான் போகும். கொடைக்கானல் 2000 மீட்டருக்கு மேல இருக்கு, உங்க ஊர்ல இருந்து நேரா அளந்தா சுமாரா 45 கிலோமீட்டர், விடியக்காலைல வடமேக்க பாத்தா மலை தெரியும்ல, அங்கருந்து வர்ற அலை தோப்பு துரவுக்கெல்லாம் மேலாக்க எறங்கி வருது. முன்னாடி மதுரைல மாடிக்கு மாடி தூர்தர்ஷன் ஆன்டெனாவ கொடைக்கானல் பக்கமே திருப்பி வச்சிருந்தாங்களே, அதுவும் இதுக்குத்தான். செல் டவரு 40 மீட்டர் இருந்தாலே பெருசு, கரடு மறைச்சிரும்.

அலையோட நீளமும் இருக்கு. 100.5 மெகாஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 10 கோடியே 5 லட்சம் தடவ துடிக்கிற அலை, நீளம் சுமார் 3 மீட்டர், மேடு குறுக்க வந்தாலும் ஓரளவு வளஞ்சு எறங்கிரும். செல் அலை 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ்ல போறதால சாண் கணக்குதான், அவ்வளவா வளையாது, தென்னமட்டையே அதுல கொஞ்சத்த உறிஞ்சிரும்.

ஆனா நெறைய பேரு யோசிக்காத விசயம் ஒண்ணு இருக்கு. ரேடியோ கேக்க மட்டும்தான் செய்யும், போன் பதிலும் சொல்லணும்! கொடைக்கானல்ல பல ஆயிரம் வாட்ல அனுப்புறாங்க, உங்க போன் 4ஜில அதிகபட்சமா அனுப்புறது வெறும் 0.2 வாட், ஜீரோ வாட் பல்பு கூட அதவிட பல மடங்கு இழுக்கும். டவர் சத்தம் உங்களுக்கு லேசா கேட்டாலும் உங்க சத்தம் அங்க போய்ச் சேராது, அதான் பேச்சு பாதில அறுந்துருது.

தகர செட்டுக்குள்ள நின்னு பேசாதீங்க, தகரம் அலைய மறிச்சிரும். தொட்டி மேல ஏறி டவர் பக்கம் திறப்பா இருக்குற எடத்துல பேசிப் பாருங்க, சில அடி உசரத்துக்கே வித்தியாசம் தெரியும். ஆன்லைன்ல விக்குற சிக்னல் பூஸ்டர மட்டும் வாங்கிராதீங்க, அனுமதி இல்லாம மாட்டுறது சட்டப்படி குத்தம், பக்கத்து தோட்டத்துக்காரங்களுக்கு வர்ற சிக்னலையும் கெடுத்துரும்.