காலிங்கராயன் வாய்க்கால் ஏன் இவ்வளவு வளைந்து போகிறது? நேராக்கி கான்கிரீட் போட்டால் தண்ணீர் மிச்சமாகாதா?

நேராக வெட்டியிருந்தால் இன்று பாயும் வயல்கள் பலவற்றுக்குத் தண்ணீர் ஏறியிருக்காது.

பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் அணை கட்டி, 13ஆம் நூற்றாண்டில் கொங்கு நாட்டுத் தலைவன் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் இது. ஈரோடு, கொடுமுடி வழியாகக் காவிரியை ஒட்டியே சுமார் 90 கிலோமீட்டர் ஓடி, ஆவுடையார்பாறை அருகே நொய்யலில் விழுகிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 15,743 ஏக்கர்.

காவிரி சரிவில் விறுவிறுவென்று இறங்கிவிடும். வாய்க்கால் அப்படி இறங்கக் கூடாது. வயலைவிட உயரமாக நின்றால்தான் மதகைத் திறந்ததும் தண்ணீர் தானாகப் பாயும். அதனால் மேடு வந்தால் சுற்றிக்கொண்டும், பள்ளம் வந்தால் உள்ளே மடங்கியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தைப் பிடித்துப் போகிறது. மேட்டைக் குடைந்து நேராக வெட்டினால் தண்ணீர் வயலுக்குக் கீழே கிடக்கும், மதகு வைத்துப் பயனில்லை. பள்ளத்தில் கரையை உயர்த்தினால் உடைப்பெடுக்கும். பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்று ஊரில் சொல்லும் கதை, இந்த மட்டம் பார்த்த வேலையைத்தான் சொல்கிறது. ஈரோட்டில் பெரும்பள்ளம் ஓடையைத் தொட்டிப்பாலம் (வாய்க்காலைத் தாங்கும் பாலம்) வழியாக மேலேயே கடக்கிறது.

வளைவுக்கும் பராமரிப்பு உண்டு. வெளிவளைவில் கரை அரிக்கும், உள்வளைவில் வண்டல் தங்கும். தண்ணீர் நிறுத்திய காலத்தில் அந்த வண்டலை அள்ளி அரித்த கரையில் போட்டு இறுக்க வேண்டும். விட்டுவிட்டால் முதலில் காய்வது கடைமடை, அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதி வயல்கள்.

கான்கிரீட் பற்றி: மண் வாய்க்காலில் கசியும் தண்ணீர் வீணாவதில்லை. கீழே காவிரி வரை உள்ள கிணறுகளுக்கு அதுதான் ஊற்று; வாய்க்கால் நிற்கும் மாதங்களில் மஞ்சளையும் கரும்பையும் காப்பாற்றுவது அந்தக் கிணறுகளே. பலவீனமான கரைக்குத் தடுப்புச்சுவர் கட்டலாம். அடித்தளத்தை மண்ணாகவே விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மஞ்சளுக்கு இந்தக் கிணற்றுத் தண்ணீர் பெரிய விஷயம். வைகாசி, ஆனியில் நட்டால் ஒன்பது மாதம் ஈரம் வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கவும் கூடாது. பாரின் (செடி நட்ட மண்மேட்டின்) அடியில் தேங்கினால் இலை ஓரத்திலிருந்து காய்ந்து வரும், தண்டின் அடி கொழகொழத்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். அது கிழங்கு அழுகல். வடிகாலைக் காவிரிப் பக்கச் சரிவில் எடுத்துவிடுங்கள்.

இன்றைய பெரிய ஆபத்து சாயக்கழிவும் நகரச் சாக்கடையும். இவற்றைப் பிரித்துக் கொண்டுபோக ஈரோட்டுப் பகுதியில் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் கட்டினார்கள். அதில் குப்பையும் சேறும் அடைத்தால் கழிவு வழிந்து மறுபடி பெரிய வாய்க்காலுக்கே வரும். உப்பேறிய தண்ணீரில் மஞ்சள் இலை நுனி கருகும், மண்ணும் இறுகிப்போகும். ஆகவே ஆண்டுதோறும் தண்ணீர் திறந்ததும், தேங்கிய கழிவை அடித்துக்கொண்டு வரும் முதல் தண்ணீரை வயலுக்குள் விடாமல் மதகை அடைத்து வையுங்கள். நிறமும் நாற்றமும் போன பிறகு பாய்ச்சினால் போதும்.