இன ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்பது எப்படி?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வைத்திருக்கிறோம். எங்கள் புளோக்கில் இந்தியர் ஒதுக்கீடு இன்னும் நிரம்பவில்லை. ஆனாலும் சீனர்களுக்கு விற்க முடியாது என்கிறார் முகவர். ஏன்?

பதில்: முகவர் சொல்வது சரியாக இருக்கலாம். பலரும் தங்கள் இனத்தின் ஒதுக்கீட்டைத்தான் பார்க்கிறார்கள். விற்பவர் பார்க்க வேண்டியது வாங்குபவரின் ஒதுக்கீட்டை.

ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்த்து 15 விழுக்காடு வரை இருக்கலாம். வட்டார வரம்பு முறையே 84, 22, 12. இரண்டில் எது எட்டப்பட்டாலும் அந்த இனத்தின் எண்ணிக்கை அதற்கு மேல் கூடக்கூடாது. சீனர் சீனருக்கு விற்றால் எண்ணிக்கை மாறாது, அதனால் தடையில்லை. நீங்கள் சீனருக்கு விற்றால் ஒன்று கூடிவிடும். அதனால்தான் அதே மாடியிலுள்ள சீன அண்டைவீட்டார் சீனருக்கு விற்கிறார், உங்களால் முடியவில்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சீனர்கள். அவ்வளவு பேரும் விலகிவிட்டால் விலை இறங்கத்தான் செய்யும்.

அண்மையில் உங்கள் புளோக்கில் விற்ற விலையை அப்படியே நம்பாதீர்கள். வீவக வெளியிடும் மறுவிற்பனை விலைப் பட்டியலில் விற்றவர், வாங்கியவர் இனம் இருக்காது. அது சீனர் சீனருக்கு விற்ற விலையாகவும் இருக்கலாம்.

ஒதுக்கீட்டு நிலவரம் மாதந்தோறும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணையும் உங்கள் இனத்தையும் பதிந்தால் யார் யாருக்கு விற்கலாம் என்று தெரியும். ஒரு சீனக் குடும்பம் வேறு இனத்தவருக்கு விற்றுவிட்டுப் போனால் இடம் திறக்கும். அந்த நேரத்தில் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். விற்கும் எண்ணத்தைப் பதிந்து 7 நாள் கழிந்த பிறகே வாங்குபவருக்கு விருப்புரிமை ஆவணம் (வீட்டை வாங்கும் உரிமையை அவருக்குத் தரும் ஒப்பந்தம்) தரலாம் என்பதால், பதிவை இப்போதே செய்துவிடுங்கள். அந்தப் பதிவு 12 மாதம் செல்லுபடியாகும். ஆவணம் கொடுத்தால் வாங்குபவருக்கு 21 நாள் அவகாசம், கடைசி நாள் மாலை 4 மணி வரை. இடையில் மாதம் மாறினால் ஒதுக்கீடும் மாறக்கூடும். மாதத் தொடக்கத்தில் ஆவணம் கொடுப்பதே நல்லது. விண்ணப்பம் போடும் முன் இருவரும் மறுபடி சரிபாருங்கள்.

எதுவும் நடக்கவில்லையென்றால், வீவகவிடமே விற்கும் வழி 2022 மார்ச் முதல் உண்டு. வீடு குறைந்தது 10 ஆண்டு உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். 6 மாதமாவது உண்மையாக விற்க முயன்றிருக்க வேண்டும். விளம்பரத் தேதிகள், வீடு பார்க்க வந்தவர்கள், அவர்கள் கேட்ட விலை எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். எட்டாத விலையைச் சொல்லி ஆறு மாதம் கடத்தினால் அதை முயற்சியாகக் கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: இந்த விதியே எதற்கு?

பதில்: 1980களின் இறுதியில் மறுவிற்பனை வழியாகப் பேட்டைகள் மீண்டும் இன வாரியாகப் பிரியத் தொடங்கின. பிடோக், தெம்பனிஸில் மலாய்க்காரர் 30 விழுக்காட்டைத் தாண்டினர். ஹவ்காங்கில் சீனர் 90ஐத் தாண்டினர். எஸ். தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது, 1989 மார்ச் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஒரே மின்தூக்கியில் எல்லா இனத்தவரும் ஏறி இறங்க வேண்டும் என்ற நோக்கத்தில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதற்கான விலையைச் சிறுபான்மையினரே அதிகம் கொடுக்கிறார்கள். வீவக திரும்ப வாங்கும் வழி 33 ஆண்டு கழித்து வந்தது மிகத் தாமதம்.

கேள்வி: நான் தமிழ், கணவர் சீனர். எந்த இனத்தில் பதிவது?

பதில்: வாங்கும்போது இருவரில் ஒருவர் இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விற்கும்போதும் அதே இனம்தான். ஆகவே விற்கும் நாளையும் நினைத்து முடிவெடுங்கள். சீனர் இடம் இருக்கும் புளோக்கில் சீனராகப் பதிந்தால், பிறகு அந்த ஒதுக்கீடு நிரம்பினாலும் சீனருக்கு விற்கலாம்.

கேள்வி: நாங்கள் இந்தியாவிலிருந்து வந்த நிரந்தரவாசிகள். இன ஒதுக்கீடு மட்டும் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. குடும்பத்தில் குடிமக்கள் யாரும் இல்லையென்றால் நிரந்தரவாசி வரம்பும் உண்டு: புளோக்கில் 8, வட்டாரத்தில் 5 விழுக்காடு. இன ஒதுக்கீடு, நிரந்தரவாசி வரம்பு இரண்டிலும் இடம் இருந்தால்தான் வாங்க முடியும். மலேசிய நிரந்தரவாசிகளுக்கு இந்த நிரந்தரவாசி வரம்பு இல்லை.