கோண்டோ என்றால் எப்போது?

வணக்கம் சார்,

டோக்கியோவில், நிஷிகசாயில் இருக்கிறேன். ஐடி வேலை. வந்து இரண்டு வருடமாகிறது. இந்தப் பக்கம் இந்தியர்கள் நிறைய, அதனால் பருப்புக்கும் மசாலாவுக்கும் குறைவில்லை. ஆனால் ஜப்பானிய நண்பர் என்று ஒருவர்கூட இல்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் நன்றாகத்தான் பேசுவார். போன வருடம் "கோண்டோ சாப்பிடப் போகலாம்" என்றார். அடுத்த தடவை என்று அர்த்தம். அந்த அடுத்த தடவை இன்னும் வரவில்லை. நான் குடிப்பதில்லை, சைவம் வேறு. அதனால் ஒதுக்குகிறார்களா? இவர்களுக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்று நண்பர்கள் சொல்வது உண்மையா? கோவையில் படிக்கும்போது தினமும் ஷட்டில் ஆடிவிட்டுக் கும்பலாக டீ குடித்தவன் நான். இங்கே ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமலே போய்விடுகிறது. நீங்கள் இங்கே இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

கே., டோக்கியோ

அன்புள்ள கே.,

கல்யாண வீட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்கிறோம். மறுநாள் காலையில் அவர் பெட்டியோடு வந்து நின்றால் நம் முகம் எப்படிப் போகும்? கோண்டோவும் அந்த ரகம்தான். உங்கள் மேல் அவருக்குப் பிரியம் உண்டு என்பதுவரை உண்மை. தேதி அதில் கிடையாது. உள்ளே இருப்பதை ஹொன்னே, வெளியே சொல்வதைத் தத்தெமாயே என்று பெயர் வைத்து வெளிப்படையாகவே பேசுகிறார்கள். நாம் பெயர் வைக்காமல் செய்கிறோம். இதை வைத்து ஒரு தேசத்தையே இரட்டை நாக்கு என்பது எனக்குப் பிடிக்காத பேச்சு.

குடிக்காததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆபீஸ்காரர்கள் சேர்ந்து குடிக்கப் போகிற நொமிகாயில் ஊலாங் டீயை வைத்துக்கொண்டே ராத்திரியை ஓட்டுகிற ஜப்பானியர்கள் உண்டு. சைவம்தான் கொஞ்சம் சிக்கல். மிசோ சூப்பிலேயே மீன் இறங்கியிருக்கும். உங்களை எங்கே கூட்டிப்போவது என்று அவருக்குத் தெரியாது, தப்பாகிவிடுமோ என்ற தயக்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். நிஷிகசாயில் இருந்துகொண்டு இதற்கா கவலை? கடையை நீங்கள் சொல்லுங்கள், கிழமையையும் மணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரோடு இன்னொருவரையும் கூப்பிட்டால் அவருக்கும் கூச்சம் குறையும்.

ஆனால் நட்பு அந்தச் சாப்பாட்டு மேஜையில் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு அது கிடைத்த இடம் வேறு.

போன புதிதில் நானும் உங்களைப்போலத்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துகிற 'சர்வதேச நட்பு' பார்ட்டிகளுக்குப் போனேன். விசிட்டிங் கார்டுதான் சேர்ந்தது. அப்புறம் தூக்கம் வராத ஒரு காலையில் வீட்டருகே பூங்காவில் கிழவர்கள் இருபது பேர் ஒரு சின்ன ரேடியோவைச் சுற்றி நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ராஜியோ தைசோ. வானொலி கேட்டபடி செய்கிற உடற்பயிற்சி. 1928-ல் தொடங்கியது, போருக்குப் பின் நின்றுபோய், இப்போது உள்ள வடிவம் 1951-ல் வந்தது. ஜப்பானின் பொது ஒலிபரப்பான என்எச்கே வானொலியில் தினமும் காலை 6.30-க்குப் பியானோ வாசிப்போடு வரும், பத்தே நிமிடம். பின்வரிசையில் நானும் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் ஆளுக்கொரு 'ஒஹாயோ', அதாவது காலை வணக்கம், கலைந்துவிட்டார்கள்.

இப்படியே மூன்று மாதம். பெயர்கூட யாரும் கேட்கவில்லை. சரி, இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பரில் காய்ச்சல் வந்து நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் போனபோது எனக்கு முன்வரிசையில் வழக்கமாக நிற்கும் அம்மா நேரே என்னிடம் வந்து, "டைஜோபு?" என்றார். உடம்பு பரவாயில்லையா என்று. கையில் பிளாஸ்டிக் பையில் ஆறேழு மிகான், நம் ஊர்க் கமலா ஆரஞ்சுக்குத் தம்பி மாதிரி. எப்போது வருவேன் என்று தெரியாமல் தினமும் எடுத்து வந்திருக்கிறார்!

ஊரிலிருந்து வந்த முறுக்கை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மறுவாரம் டப்பா திரும்பி வந்தது, உள்ளே அரிசி அப்பளம் மாதிரியான செம்பே. ஒன்றைப் பெற்றால் பதிலுக்கு ஒன்று தருவதை அவர்கள் ஒகாயெஷி என்பார்கள். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராதே என்பாள் என் பாட்டி. அந்த டப்பா இரண்டு வருடம் எங்களுக்கிடையே போய்வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா என் பெயரைக் கேட்டது முதல் டப்பாவுக்கும் இரண்டு வாரம் கழித்துத்தான். இன்றுவரை என்னிடம் பேசும்போது 'தேஸ்', 'மாஸ்' என்ற மரியாதை விகுதி குறைந்ததில்லை. நாம் சிலரை நாற்பது வருடம் பழகியும் 'நீங்க' என்றே கூப்பிடுவதில்லையா, அதுபோல.

எதிரே உட்கார்ந்து பழகுவது அங்கே பலருக்குக் கடினம். பக்கத்தில் நின்று ஒரே காரியத்தைச் செய்தால், எப்போது என்று தெரியாமலே பழகிவிடுகிறார்கள். உங்களிடம் ஷட்டில் இருக்கிறது, அதை ஏன் ஊரிலேயே விட்டுவிட்டீர்கள்? வார்டின் விளையாட்டரங்கில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். 'மெம்பா போஷூ' என்று ஒட்டியிருந்தால் ஆள் தேடுகிறார்கள் என்று அர்த்தம். வாரம் ஒரு நாள், அதே நாள், அதே நேரம் போங்கள். நன்றாக ஆடுகிறீர்களா என்பதைவிட ஒழுங்காக வருகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடாதீர்கள். வலையை அவிழ்த்து மடிப்பார்கள், தரையைத் துடைப்பார்கள். நீங்களும் ஒரு துடைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடும்போது பேசாதவர்கள் அப்போதுதான் வாயைத் திறப்பார்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். உள்ளரங்குக்கென்று தனியாக ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் போட்ட ஷூவோடு உள்ளே விடமாட்டார்கள்.