ஸ்டாலின்கிராடும் கோவில்வெண்ணியும்

அன்புள்ள ஐயா,

எனக்கு நீடாமங்கலம் பக்கம். தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறேன், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். போர் வரலாறு என்றால் உயிர். மாரத்தான், கன்னே தொடங்கி வாட்டர்லூ, ஸ்டாலின்கிராட் வரை காணொளிகள் பார்த்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். ராஜேந்திரன் கடாரத்துக்கு எத்தனை கப்பல்களில் போனான்? உலகின் தலைசிறந்த பத்துத் தளபதிகளில் அவனுக்கு எந்த இடம் தருவீர்கள்? பண்டைக்காலம் முதல் இன்றுவரை முறையாகப் படிக்க எங்கே தொடங்குவது? நெல் வயலைத் தவிர ஒன்றுமில்லாத ஊரில் பிறந்துவிட்டேன். போய்ப் பார்க்க ஒரு போர்க்களம்கூட இல்லை என்பதுதான் குறை.

க.

அன்புள்ள க.,

கடைசி இரண்டு வரிகள் இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். ஒரு மாதமாக மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததை நீங்கள் குத்திக் கிளப்பிவிட்டீர்கள்.

தினமும் பஸ்ஸில் போகிறீர்களே, வழியில் கோவில்வெண்ணி வருமே, ஒருநாளாவது தலையைத் தூக்கிப் பார்த்ததுண்டா? அதுதான் வெண்ணிப் பறந்தலை, அதாவது வெண்ணிப் போர்க்களம். சேரனும் பாண்டியனும் வேளிர் என்ற குறுநில மன்னர் பதினொருவரும் சேர்ந்து வந்து கரிகாலனிடம் தோற்ற இடம். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணிச் சேரமான் அங்கேயே வடக்கிருந்தான், வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிர்விட்டான். அந்த ஊர்க் குயத்தி ஒருத்தி, வென்ற ராஜாவிடமே, உன்னைவிட அவன் நல்லவன் என்று பாடினாள். வாட்டர்லூவில் வெலிங்டனிடம் அப்படிச் சொல்ல எவளாவது இருந்தாளா? இப்போது அங்கே சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்து, கரும்பேஸ்வரரைக் கும்பிட்டு, எறும்புக்கு ரவையும் சர்க்கரையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு கவலை. உங்களுக்கு என்ன கேடு?

கப்பல் கணக்கு: ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்பதோடு, கல்வெட்டில் அவன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி நிறுத்திக்கொள்கிறது. அதற்குமேல் எண் சொல்கிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து எண்ணியவர்கள். தளபதிகளுக்கு ரேங்க் போடும் வேலையை ஐபிஎல் பார்க்கிறவர்களிடம் விட்டுவிடுங்கள்.

சரி, அந்த நெல் வயலுக்கு வருகிறேன். ‘நெல் வயலைத் தவிர ஒன்றுமில்லை’ என்று எழுத எப்படி மனசு வந்தது? தம்பி, அந்த வயல்தான் போர்க்களம். இங்கே நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை நெல்லுக்காகவும் தண்ணீருக்காகவும் நடந்தவை. கோட்டையைப் பிடிப்பது அதற்கப்புறம்.

புறநானூற்றின் 16-ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். சோழன் பெருநற்கிள்ளியைப் புகழ்கிற பாட்டு. எதற்காகப் புகழ்கிறார் புலவர்? பகைவரின் ‘விளைவயல் கவர்பூட்டி, மனைமரம் விறகாக’, காவல் இருந்த நீர்த்துறையில் யானைகளை இறக்கியதற்காக! விளைந்ததைக் கொள்ளையிடு, வீட்டு மரத்தைப் பிடுங்கி அடுப்பெரி, குடிக்கிற தண்ணீரைக் கலக்கு. போரின் இலக்கணமே அந்த மூன்றில் அடங்கிவிட்டது.

ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து அதே வைத்தியம் சோழநாட்டுக்கே நடந்தது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் வந்தான். ‘தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி’ என்று பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அதோடு விட்டானா? ‘வாவியும் ஆறும் அணிநீர் நலனழித்து’ என்கிறான். குளத்தையும் ஆற்றையும் கெடுத்ததை ஒரு ராஜா சாதனைப் பட்டியலில் சேர்க்கிறான் என்றால், எதைக் கெடுத்தால் இந்த நாடு விழும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் தோற்றவன் மண்ணை அவமானப்படுத்தக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்தானாம். அவனை மட்டும் திட்டாதீர்கள். அதற்கு முன்னால் மதுரையில் மூன்றாம் குலோத்துங்கன் இதே கழுதை ஏரைத்தான் ஓட்டினான்.

மாதத்தையும் கவனியுங்கள். ஆடியில் தண்ணீர் வந்து, ஐப்பசி கார்த்திகையில் அடைமழையும் பிடித்துவிட்டால் நம் களிமண்ணில் மாட்டு வண்டியே அச்சு வரை இறங்கிவிடும், பீரங்கி வண்டி எந்த மூலை? தை மாசி என்றால் கதையே வேறு. தரை இறுகியிருக்கும், களத்திலும் பத்தாயத்திலும் நெல் இருக்கும். கும்பகோணத்தை அடுத்த கொள்ளிடக் கரையில், அன்னகுடியில், பிரெய்த்வெய்ட்டின் ஆங்கிலேயக் கும்பினிப் படையைத் திப்பு மடக்கியது 1782 பிப்ரவரியில். அதற்கு முந்தின வருஷமே ஹைதரின் படை தஞ்சை நாட்டைத் துடைத்துவிட்டிருந்தது. ஊர் ஊராக ஜனம் ஓடியது. கோட்டை மட்டும் நின்றது, ஆனால் உள்ளே சோறில்லை. காசு வராது என்று தெரிந்த குடியானவர்கள் நெல் தர மறுத்தார்கள். சுவார்ட்ஸ் பாதிரியார், பணத்துக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் நெல் உள்ளே வந்தது. அந்தக் கோட்டையைக் காப்பாற்றியவர்களில் துப்பாக்கியே தூக்காத ஒரு பாதிரியையும் நான் சேர்ப்பேன். உங்கள் பத்துப் பேர் பட்டியலில் அவருக்கு இடம் இருக்காது.

எங்கள் பாட்டிக்கு ஹைதரும் தெரியாது, திப்புவும் தெரியாது. அவள் கண்ட யுத்தம் ஹிட்லர் யுத்தம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது, பர்மா அரிசி நின்றது, சென்னையில் ரேஷன் வந்தது. மாகாணமே தஞ்சாவூர் ஜில்லாவைத் திரும்பிப் பார்த்தது. கொள்முதலுக்கு வந்த ஓர் ஆள் எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் மேல் ஏறி நின்று, மூங்கில் குச்சியை நெல்லுக்குள் விட்டு ஆழம் பார்த்தானாம். தாத்தா விதைநெல்லை முன்னமே கோட்டை கட்டியிருந்தார். வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, மேலே சாணி மெழுகிய உருண்டைகள். அவற்றை ராத்திரியோடு ராத்திரியாக வைக்கோல் போருக்குள் செருகிவிட்டார். “வந்தவன் போர்ல சாஞ்சிக்கிட்டுத்தான் மோர் குடிச்சான்” என்று பாட்டி சிரிப்பாள். அதே பாட்டி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாத் தோட்டத்துக்குப் போன தன் தம்பியைப் பற்றிக் கேட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போன கூட்டத்தில் அவரும் ஒருவர். திரும்பவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் புறப்பாட்டையும் சுந்தரபாண்டியன் மெய்க்கீர்த்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு தாராளமாக ஸ்டாலின்கிராடுக்குப் போங்கள். இந்தமுறை டாங்கிகளை விட்டுவிட்டு, வளைக்கப்பட்ட ஜெர்மானிய ஆறாம் படைக்கு விமானத்தில் என்ன போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். நாளுக்குக் குறைந்தது 300 டன் வேண்டும். ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் தருவதாகச் சொன்னார். சராசரியாக அதில் பாதிகூட இறங்கவில்லை.

உங்கள் தெருவில் தொண்ணூறைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், யுத்த காலத்தில் நெல்லை எங்கே ஒளித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெயர் போடாமல் வெளியிடுகிறேன். கப்பல் எண்ணிக்கை கேட்டு மட்டும் இனி எழுதாதீர்கள்.