உவர்மலைத் தம்பிக்கு: இந்தக் குளிரில் தட்டு எறியப் போகலாமா?

தம்பி, திருகோணமலையிலிருந்து டொரன்டோவுக்கு வந்து மூன்று மாதம்தான், வேலையிடத்தில் சனிக்கிழமை ஈ.டி. சீட்டன் பார்க்கில் டிஸ்க் கோல்ப் (பிளாஸ்டிக் தட்டை எறிந்து கூடையில் விழுத்துகிற விளையாட்டு) விளையாடக் கூப்பிடுகிறார்கள், மைனஸ் 15 காட்டுகிறது, போகலாமா, எந்த டிஸ்க் வாங்குவது, போகாவிட்டால் குறை நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர். டிஸ்க் வாங்க வேண்டாம், அவர்களிடம் பை நிறைய இருக்கும். குறை நினைக்க இங்கே ஒருத்தருக்கும் நேரமில்லை. எனக்குச் சொல்ல இருப்பது குளிரைப் பற்றித்தான்.

அந்த 15-ஐ விடும். காற்றோடு சேர்த்து உடம்புக்கு எவ்வளவு குளிரும் என்று போனில் இன்னொரு எண் காட்டும், அதைப் பாரும். அது மைனஸ் 27-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். 18 கூடையும் சுற்ற அதைவிட எவ்வளவோ நேரம் எடுக்கும், ஸ்நோவுக்குள் புதைந்த தட்டைத் தேடுகிற நேரம் வேறு (அதற்குத்தான் அடியில் ரிப்பன் ஒட்டுவார்கள், வெள்ளைத் தட்டு தந்தால் வாங்காதேயும்). அப்படியான நாளில் வரவில்லை என்று நேரே சொல்லிவிடும். காற்றில்லாத மைனஸ் 15 என்றால் போம். ஜீன்ஸும் பருத்தி மேசும் வேண்டாம், ஈரம் பிடித்தால் காயாது. எறிகிற இடத்தில் ஐஸ் இருக்கும், ஓடி வராமல் நின்றபடி எறியும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து வழுக்கும், தூரமும் போகாது, ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. எறிந்த கை உடனே கையுறைக்குள் போக வேண்டும்.

விரல் வலித்தால் சூடேற்றும். குளிரிலேயே வலி நின்றால்தான் பயப்பட வேண்டும். தோல் சிவக்கும் என்பார்கள், எங்கள் நிறத்தில் அது லேசில் தெரியாது, சாம்பல் நிறமாகி மரத்துப் போகும்.

இதை எனக்கு ஒரு பஸ் டிரைவர்தான் சொன்னார். மார்கழி வாடைக்கே அம்மா தலையில் துவாய் கட்டிவிட, கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் எது நல்ல சூடு என்று தேடிக் குளித்த ஆள் நான். வந்த தை மாதமே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். நடுச்சாமம் வேலை முடிந்ததும் முதலாளி பின்கதவால் வெளியே விட்டுப் பூட்டிவிடுவார், பஸ் வரும்வரை உள்ளே நிற்க விடமாட்டார். ஈரமான சட்டைக்கை தகரம் போல விறைத்து, மடக்கினால் மொறுமொறு என்று சத்தம் வரும். ஒரு இரவு வலி நின்றுவிட்டது, அப்பாடா என்று நான் விரலைத் தேய்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏற, டிரைவர் சத்தம் போட்டார்: தேய்க்காதே, கமக்கட்டுக்குள் வை. எங்கட சனம் சொன்னதெல்லாம் “போகப் போகப் பழகிடும்” மட்டும்தான்.

அந்தச் சனத்தில் பாதி இன்றைக்கும் கார்த்திகையிலிருந்து பங்குனி மட்டும் பேஸ்மென்ட்டில் ஹீட்டரும் சீரியலுமாகக் கிடக்கிறது. வெள்ளைக்காரரின் விளையாட்டு எங்களுக்கு எதற்கு என்று உமக்குப் புத்தி சொல்லப்போவதும் அவர்கள்தான். கேளாதேயும். நான் மைனஸ் 10-இலும் காலையில் நடக்கிறேன், சளி பிடிப்பது அவர்களுக்குத்தான்.

சப்பாத்து இல்லாவிட்டால் சொல்லும். ஸ்காபரோவில் என்னிடம் நல்ல வின்டர் பூட்ஸ் ஒரு சோடி சும்மா கிடக்கிறது, அளவு 9. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு வந்தால் வீட்டில் இருப்பேன்.