கண்டக்டர் கணக்கும் மிதந்து போன ஆடும்

ஞாபகம், கவனம் பற்றிக் கேளுங்கள் என்று போன மாதம் ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், பாளையங்கோட்டை வீட்டுக்குக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள். அந்தக் கட்டை அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு இரண்டு நாள் தேடினேன். 32 வருடம் உளவியல் பாடம் நடத்தியவன் லட்சணம் இது. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: அப்பளம் போட்டு விற்கிறேன். வயது 52. மாவு எடுக்க உள்ளறைக்குப் போவேன். வாசல்படி தாண்டியதும் எதுக்கு வந்தோம் என்று நின்றுவிடுவேன். எங்க ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறியது. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ?
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, வாசல்படியைக் கவனித்து எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு நல்ல மார்க் போடலாம். அமெரிக்காவில் கேப்ரியல் ரட்வான்ஸ்கி என்ற உளவியலாளர் 2011இல் இதைத்தான் சோதித்தார். ஒரு மேசையிலிருந்து பொருளை எடுத்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோகச் சொன்னார். தூரம் ஒன்றுதான். ஆனால் ஒரே அறைக்குள் நடந்தபோது இருந்ததைவிட, வாசல் தாண்டிப் போனபோது எதைச் சுமந்து வந்தோம் என்பதில் தடுமாற்றம் அதிகம். இடம் மாறினால் மனசு பழைய காட்சிக்குத் திரை போட்டுவிடுகிறது என்பது அவர் விளக்கம். பத்து வருடம் கழித்து வேறு சிலர் செய்து பார்த்தபோது, தலையில் ஏற்கெனவே வேறு வேலை ஓடினால்தான் இந்த மறதி தெரிந்தது. உங்கள் தலையில் உளுந்து விலை, மொட்டைமாடியில் காயும் அப்பளம், மேற்கே கறுக்கும் மேகம் எல்லாம் ஓடும். வேறென்ன வேண்டும்?

திரும்ப வந்து அப்பளப் பலகையைப் பார்த்ததும் ‘அடடே, மாவு’ என்று வந்துவிடுகிறது அல்லவா? அப்படியென்றால் பயப்பட வேண்டாம். மாவுக்கு உப்பு எவ்வளவு என்பதே பிடிபடாமல் போனால், பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றால், கேட்டதையே கேட்பதாக வீட்டில் சொன்னால், அன்றைக்கு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: திருநெல்வேலி–பாபநாசம் ரூட்டில் 27 வருடம் கண்டக்டர். 60 பேர் நெருக்கும் வண்டியில் யார் எங்கே ஏறினார், யார் டிக்கெட் எடுக்கவில்லை, யாருக்குச் சில்லறை பாக்கி என்று விரல் நுனியில் இருக்கும். இப்போது வீட்டில் ஐந்து சாமான் சொல்லிவிட்டால் மூன்றோடு வருகிறேன். பேத்தி சிரிக்கிறாள்.
— ஓய்வுபெற்ற நடத்துநர், அம்பாசமுத்திரம்

பதில்: சிரிக்கட்டும். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அவ்வளவு விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஒரே மூச்சில் மனசில் நிறுத்த முடிவது ஏழு உருப்படி, அதில் ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையும் வெட்டி, நான்குதான் என்கிறார்கள். அப்படியிருக்க 60 எப்படி?

சதுரங்கத்தில் பதில் இருக்கிறது. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும், ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் ஒன்றின் நடுவில் காய்கள் நிற்கிறபடி பலகையை ஐந்து விநாடி காட்டி மூடினார்கள். இருபத்தைந்து காய்க்குப் பக்கத்தில் இருக்கும். தேர்ந்த ஆட்டக்காரர் பதினாறு வரை சரியாக வைத்தார். புதிதாகப் பழகுபவர் நான்கு. அப்புறம் அதே காய்களைத் தாறுமாறாக இறைத்து வைத்துக் காட்டினார்கள். கெட்டிக்காரரும் புதியவரும் ஒன்றாகிவிட்டார்கள். அவருக்குத் தனியாக ஒரு ஞாபகப்பெட்டி கிடையாது. காய்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் கொத்துக் கொத்தாகப் பார்த்திருக்கிறார்.

நீங்களும் 60 தலை பார்க்கவில்லை. பத்தமடையில் பாய்க்கட்டோடு ஏறிய ஒரு குடும்பம். சேரன்மகாதேவியில் படிக்கட்டில் தொற்றிய பாஸ் பையன்கள். வீரவநல்லூரில் துணிமூட்டையை டிரைவர் பக்கத்தில் போட்டுவிட்டு மூட்டைக்கு லக்கேஜ் போடாதீங்க என்று கெஞ்சுகிறவர். ஸ்டேஜுக்கு ஒரு கொத்து. ஆட்களைத் தோராயமாகக் கலைத்துப் போட்டு, ரூட்டும் தெரியாத ஊரில் உங்களை ஏற்றிவிட்டால் நீங்களும் என்னைப் போலத்தான் விழிப்பீர்கள். பலசரக்குக் கடை உங்களுக்குப் பழகாத பலகை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சில்லறை பாக்கியை விரல் நுனியிலா வைத்திருந்தீர்கள்? டிக்கெட்டின் பின்னால் எழுதித்தானே கொடுத்தீர்கள்? சாமானையும் எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் பேப்பர் படிக்கும்போது மூன்று தடவை கூப்பிட்டாலும் காதில் விழாது. அடுப்படியில் தங்கச்சியோடு போனில் மெதுவாக அவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ‘என்ன?’ என்று வந்து நிற்கிறார். நடிக்கிறாரா?
— வாசகி, சங்கரன்கோவில்

பதில்: பாதி நடிப்பாக இருக்கலாம். மீதிப் பாதிக்கு ஆதாரம் இருக்கிறது. 1953இல் காலின் செர்ரி, இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒரு காதில் விழுவதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்ல வைத்தார். மறு காதில் ஆண்குரல் பெண்குரலாக மாறியது தெரிந்தது. பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியதுகூடத் தெரியவில்லை! 1959இல் நெவில் மோரே ஒரு வேலை செய்தார்: கவனிக்காத காதில் அவரவர் பெயரைச் சொல்லவிட்டார். மூன்றில் ஒருவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அப்படியானால் கதவு முழுக்கச் சாத்தியில்லை, ஒருக்களித்துத்தான் இருக்கிறது. நமக்கு வேண்டியது என்றால் இடுக்கு வழியாக வந்துவிடும். உங்கள் மாமியார் பெயருக்கு அந்த இடுக்கு போதும்போல.

ஒரே நேரத்தில் பல பேருக்குக் காது கொடுத்தவர்கள் இருந்தார்கள்தான். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயத்தில் கவனம் வைக்கும் வித்தை, செய்து காட்டினார். அதற்குப் பழக்கம் வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் பழகுவதாகத் தெரியவில்லை. பேப்பரை வாங்கி மடித்து வைத்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: வல்லாரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: துவையல் ருசியாக இருக்கும். தேங்காயைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: குரூப் 4க்குப் படிக்கிறேன் சார். ஒரு பாடத்தை நாலு தடவை அடிக்கோடு போட்டுப் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. மாதிரித் தேர்வில் மண்டை காலி.
— வாசகர், தென்காசி

பதில்: ‘தெரிந்த மாதிரி’ என்று எழுதினீர்களே, தம்பி, சிக்கல் அந்த ‘மாதிரி’யில்தான் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகள் கொடுத்தார்கள். ஒரு தரப்பு திரும்பவும் படித்தது. இன்னொரு தரப்பு தாளை மூடிவிட்டு, ஞாபகத்தில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களே மேல்: 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56.

இந்த ஐந்து நிமிடப் புகழில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். 1885இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போயிருந்தது. ஆகவே காலையில் படித்ததைச் சாயங்காலம் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. திக்கும்போது எரிச்சல் வரும். அந்தத் திக்கலில்தான் பாடம் ஒட்டுகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கச் சொன்னதைக் கேலி செய்கிறோம். பிரம்பு தப்பு, ஒப்பித்தது தப்பில்லை. அந்தக் கலர் பேனாவை மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 1992 வெள்ளத்தன்று நாங்கள் எங்கே இருந்தோம் என்று எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. பள்ளிக்கூட மாடியில் என்கிறேன் நான். மாமா வீட்டில் என்கிறான் அவன். இரண்டு பேருக்குமே கண்ணுக்குள் நிற்கிறது. யாரை நம்புவது?
— வாசகி, முக்கூடல்

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையிலேயே, ‘செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள்?’ என்று உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடம் கழித்து அதே கேள்வி. 44 பேரில் 11 பேர் எழுதியது அடியோடு வேறு. நிச்சயமாகத் தெரியுமா என்றால், தெரியும் என்றார்கள் பலர். அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதும் பழைய ஞாபகம் திரும்பவில்லை.

எனக்கும் அந்த நவம்பர் கண்ணுக்குள் நிற்கிறது. கொக்கிரகுளத்தில் சுலோசன முதலியார் பாலத்து ஓரம் நிற்கிறேன். தாமிரபரணி செந்நிறமாக, பாலத்தை முட்டிக்கொண்டு போகிறது. ஒரு வைக்கோல் படப்பு சுழன்று வருகிறது. அதன் மேல் ஒரு வெள்ளாடு, கத்தக்கூட இல்லை, சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறது. வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

போன வருடம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தபால் கார்டு கிடைத்தது. என் கையெழுத்து, 1992 நவம்பர் முத்திரை. சென்னையில் புத்தொளிப் பயிற்சிக்குப் போயிருந்த நான் வீட்டுக்கு எழுதியது: ‘அங்கே வெள்ளம் என்று பேப்பரில் பார்த்தேன். பத்திரமாக இருக்கிறீர்களா?’

கார்டை வீட்டுக்காரியிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தாள்.

“ஆட்டைப் பார்த்தது நான்லா. நீங்க ஊருக்கு வந்த அன்னைக்குச் சொன்னேன்.”