சிலந்தி நண்டு: முட்டை முதல் கடைசி ஓடு வரை

சிலந்தி நண்டு எப்படி வளர்கிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்தவை இவை.

கடல்குருவி: முட்டையிலிருந்து குட்டி நண்டாகவே வெளியே வருமா மேடம்?

வராது. சினை நண்டின் வயிற்று மடிப்புக்குள் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். புதிதாக இட்டவை ஆரஞ்சு நிறம். உள்ளே கரு வளர வளர நிறம் கருக்கும். பொரிக்கும் சமயத்தில் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும், அவை கண்கள். வெளியே வருவது சோயியா என்ற லார்வா. நெற்றியில் ஒரு முள், முதுகில் ஒரு முள், பின்னால் பிளவுபட்ட வால். நுண்ணோக்கியில் முதல் தடவை பார்ப்பவர் இதை நண்டு என்று நம்பமாட்டார். பின்னாளில் வாயுறுப்பாகப் போகும் கால்களால்தான் இப்போது நீந்துகிறது.

சேற்று நண்டுக்கு சோயியா நிலைகள் 5. சிலந்தி நண்டுக்கு இரண்டே இரண்டு. அப்புறம் மெகலோபா: கொடுக்கு வந்திருக்கும், வால் மட்டும் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கும். அது தரையில் இறங்கி ஓடு கழற்றியதும் வால் அடியில் மடிந்து குட்டி நண்டாகிவிடும்.

அலைமகன்: இதற்கெல்லாம் எத்தனை நாள்?

தண்ணீரின் குளிரைப் பொறுத்தது. சிலந்தி நண்டுக் கூட்டத்தைச் சேர்ந்த பனி நண்டு, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் கடுங்குளிர் இடங்களில் முட்டையை 2 வருஷம் சுமக்கிறது. கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் ஒரே வருஷம். பொரித்த பிறகு லார்வாவாக மிதப்பது 3 முதல் 5 மாதம்.

ராஜா_77: ஜப்பான் சிலந்தி நண்டுக்கு 100 வயசாமே?

காலை விரித்தால் 3.7 மீட்டர் வரை வரும், அது சரி. வயசு வேறு விஷயம். ஓட்டையே கழற்றி எறிகிற பிராணியிடம் ஓட்டில் வளையம் எண்ண முடியுமா? அளவை வைத்து வயசு சொல்லாதீர்கள்.

வலைக்காரன்: சின்ன நண்டைக் கடலில் விட்டால் அடுத்த வருஷம் பெரிசாகிவிடும்தானே?

பனி நண்டில் அதற்கு உத்தரவாதம் இல்லை. நண்டு பழைய ஓட்டைக் கழற்றித்தான் வளரும். இதற்குப் பருவமடையும்போது ஒரு கடைசி ஓடு மாற்றம் உண்டு. அதோடு வளர்ச்சி நின்றுவிடும்.

வலைக்காரன்: நண்டு சாகும்வரை வளரும் என்றுதான் நான் படித்தேன்.

பல நண்டுகளுக்கு அது சரி, இதற்கு இல்லை. ஆண் நண்டின் கொடுக்கைப் பாருங்கள். கடைசி மாற்றத்தில் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் திடீரென்று பருத்துவிடும். உள்ளங்கையளவு கூட இல்லாத நண்டுக்குத் தடித்த கொடுக்கு இருந்தால் அது முழு ஆண். அதன் கால் ஒடிந்தால் மறுபடி முளைக்காது, ஏனென்றால் புதுக்கால் வர ஓடு மாற்ற வேண்டும். திரும்பவும் சொல்கிறேன்: அளவை வைத்து வயசு சொல்லாதீர்கள்.

வலைக்காரன்: அப்படியானால் கனடாவில் ஓட்டு அகலம் 95 மி.மீ.க்குக் குறைந்த பனி நண்டைப் பிடிக்கக்கூடாது என்று வரம்பு எதற்கு? வளராத நண்டை விட்டு என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. பெண்கள் அந்த அளவை எட்டுவதே அரிது, அதனால் சினை நண்டுகள் தப்புகின்றன. வளராத சின்ன ஆணும் இணை சேரும்.

மீனாட்சி: பெரிய ஆண்களையே பிடித்துக்கொண்டிருந்தால் சின்னதுகள்தானே மிஞ்சும்?

நியாயமான கவலை. பெண் நண்டு விந்தைச் சேமித்து வைத்து அடுத்த சினைக்கும் பயன்படுத்தும். ஆண்கள் குறைந்தால் அந்தச் சேமிப்பும் குறையும். வலைக்காரன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

வலைக்காரன்: அலாஸ்கா பக்கம் பெரிங் கடலில் பனி நண்டு காணாமல் போனதும் இதனால்தானே?

இல்லை. 2018, 2019 கடல் வெப்ப அலையில் அவற்றின் பசி கூடியது, இருந்த இடமோ சுருங்கியது. பட்டினிதான் முக்கியக் காரணம் என்று 2023இல் வந்த ஆய்வு சொல்கிறது. அலாஸ்காவில் 2022இல் பனி நண்டு பிடிக்கும் பருவமே ரத்தானது.

சுவைப்பிரியன்: குழம்பு எப்படி வைப்பது?

சமையல் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

பாசிமணி: முதுகில் பாசி முளைப்பது நோயா?

பெரும்பாலும் அதுவே எடுத்து ஒட்டிக்கொண்டது. ஓட்டில் கொக்கி மயிர்கள் உண்டு. பாசித் துண்டைக் கிள்ளி, வாயில் மென்று நார் பிரித்து, அதில் மாட்டும். எதிரி கண்ணில் படாமல் இருக்கத்தான்.

குமரன்: ஜப்பான் நண்டு 100 வருஷம் வாழுமா மேடம்?

மேலே.